விரலின் எழுத்தும் விழியின் எழுத்தும்

எங்கள் பங்கின் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். சென்ற ஆண்டுத் திருவிழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர் நிகழ்ச்சி நிரலை அழகிய வண்ண அழைப்பிதழாக ஆக்கி, அதன் படத்தை எல்லாருடைய கைப்பேசிகளுக்கும் அனுப்பியிருந்தனர். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், நிரல் கிடைத்ததா என்று அவரைக் கேட்டேன். “வந்துச்சுங்க ஐயா. ஆனா போன் ‘படம்’னு மட்டுந்தான் சொல்லுது. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது” என்றார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இன்று வெயில் சற்று அதிகம் என்பதுபோல் இயல்பாகச் சொன்னார். அதுவே என்னை வருத்தியது.

அவருடைய கைப்பேசியில் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் உண்டு. திரையில் உள்ள எழுத்துகளை அது குரலாக்கிச் சொல்லும். எழுத்தாக உள்ளதைப் படிக்கும். எழுத்தைப் படமாக்கி அனுப்பினால் திகைத்து நிற்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஊகித்துப் படிக்கும் கருவிகள் இப்போது வந்துள்ளன என்பது உண்மையே. எனினும் பொன்னிறப் பின்னணியில் வளைந்து நெளிந்து ஓடும் தமிழெழுத்துகளில் அவை இன்னமும் இடறி விழுகின்றன.

கண்ணுள்ளோருக்கு அழகும், கண்ணற்றோருக்குப் பயனும் ஒரே பக்கத்தில் அமைய இயலுமா? ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டுமா? இணையப் பக்கங்களை அமைப்போர் நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ஆனால் இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்ததன்று. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு. இது தோன்றிய இடம் பாரிஸ் மாநகரம்.

பிரான்சின் புனித லூயி மன்னர் 13ஆம் நூற்றாண்டில் பார்வையற்றோர் 300 பேருக்காகப் பாரிசில் ஓர் இல்லம் நிறுவினார். ‘பதினைந்து இருபதுகள்’ என்பது அதன் பெயர். பதினைந்தை இருபதால் பெருக்கினால் முந்நூறு. அக்காலத்துப் பிரெஞ்சுக் கணக்கு முறை அது. இன்றும் அவ்வில்லம் அதே பெயரில் கண் மருத்துவமனையாக விளங்குகிறது. அவ்வில்லத்தைச் சேர்ந்த பார்வையற்றோர் சிலரை 1771ஆம் ஆண்டில் ஒரு சந்தையில் கோமாளி வேடமிட்டு அமர்த்தி, அட்டையில் செய்த மூக்குக்கண்ணாடிகளை மாட்டிவிட்டு, முன்னால் இசைத்தாள்களையும் விரித்துவைத்து, வாத்தியங்களைத் தாறுமாறாக வாசிக்கச் செய்து கூட்டத்தைச் சிரிக்க வைத்தனர். சிரித்த கூட்டத்தில் சிரிக்காத ஒருவர் இருந்தார். வாலன்தேன் ஹாயி என்பது அவர் பெயர். அந்த இசைத்தாளை இவர்கள் மெய்யாகவே படிக்கும்படி செய்வேன் என்று அவர் உறுதி பூண்டார் என்பர்.

1784இல், ஆலய வாயிலில் இரந்து நின்ற லெசூயர் என்னும் பார்வையற்ற இளைஞரைத் தம் முதல் மாணவராக்கிக்கொண்டார் ஹாயி. அடுத்த ஆண்டில் பள்ளி தோன்றியது. உலகிலேயே பார்வையற்ற சிறாருக்கென ஏற்பட்ட முதல் பள்ளி அது. நனைத்த தடித்த தாளை அச்செழுத்துகளின்மேல் அழுத்தி, எழுத்தின் வடிவம் தாளில் புடைத்து நிற்குமாறு செய்தார். பார்வையற்ற பிள்ளைகள் அப்புடைப்பை விரலால் தடவிப் படித்தனர்.

ஹாயியின் நோக்கம் இங்கு உற்றுநோக்கத்தக்கது. புடைத்து நின்றவை புதிய எழுத்துகள் அல்ல. ஏனையோர் கண்ணால் படிக்கும் அதே உரோமன் எழுத்துகள். ஆசிரியரும் மாணவரும், பார்வையுள்ள உடன்பிறப்பும் பார்வையற்ற உடன்பிறப்பும் ஒரே நூலைப் படிக்கலாம். எவரும் தனி உலகத்துக்கு ஒதுக்கப்பட மாட்டார். இதைவிட உயர்ந்த எண்ணம் என்ன இருக்க முடியும்? இன்று இணையத்தில் ‘அனைவருக்கும் ஒரே பக்கம்’ என்று பேசுவோர் ஹாயியின் வழிவந்தோர் எனலாம்.

ஆனால் விரல் கண்ணைப்போல் படிப்பதில்லை. கண் ஓர் எழுத்தின் முழு உருவத்தையும் நொடியில் பற்றிக்கொள்ளும். விரலோ ஒவ்வொரு வளைவையும் ஏறி இறங்கித் தடவி, இது வட்டமா, வாலுள்ள வட்டமா என்று தேடித்தான் அறிய வேண்டும். ஆகவே எழுத்துகளைப் பெரியனவாக்க நேர்ந்தது. நூல்கள் சுமக்க முடியாத எடை பெற்றன. ஒரு வரியின் முடிவை விரல் எட்டும்போது அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவியது. அது மட்டுமன்று, இம்முறையில் மாணவர் படிக்கலாமேயன்றித் தாமாக எழுத இயலாது. ஹாயியின் உள்ளம் பெரிது. ஆயினும் அந்த எழுத்தை அவர் தம் கண்ணாலேயே சோதித்தார்.

அப்பள்ளியில் 1819இல் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். பாரிசுக்குக் கிழக்கே உள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் ஊசியோடு விளையாடிக் கண்ணைக் குத்திக்கொண்டவன். ஊர்ப் பங்குத்தந்தையே முதலில் பாடம் சொல்லிக்கொடுத்தார். லூயி பிரெய்ல் என்னும் அப்பெயர் இன்று எல்லாரும் அறிந்தது. பின்னாளில் அவர் பாரிஸ் ஆலயம் ஒன்றில் ஆர்கன் வாசிப்பவராகவும் பணிபுரிந்தார் என்பதைப் பலரும் அறியார்.

படைத்துறையில் பணியாற்றிய ஷார்ல் பார்பியே என்பவர் புள்ளிகளால் ஆன ஓர் எழுத்துமுறையை அப்பள்ளிக்குக் கொணர்ந்தார். ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். அவை எழுத்துகளைக் குறியாமல் ஒலிகளைக் குறித்தன. பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அதில் இடமில்லை. எனினும் கோட்டைவிடப் புள்ளியே விரலுக்கு எளிது என்ற உண்மை அதில் பொதிந்திருந்தது. பிரெய்ல் அந்த உண்மையைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டை ஆறாகக் குறைத்தார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில், எழுத்துமுறையின் அடிப்படையை வகுத்துவிட்டார். 1829இல் அது நூலாக வெளிவந்தது. ஆறு புள்ளிகளும் விரல் நுனியில் ஒருசேர அடங்கும். தடவித் தேட வேண்டியதில்லை, தொட்டாலே போதும். ஒரு பலகையும் குத்தூசியும் இருந்தால் மாணவர் தாமே எழுதவும் செய்யலாம்.

பிள்ளைகள் இதனை ஆர்வத்தோடு ஏற்றனர். பெரியவர்கள் ஏற்கவில்லை. இது என்ன, நாங்கள் படிக்க முடியாத எழுத்தை எங்கள் மாணவர் எழுதுவதா? பார்வையற்றோரைச் சமுதாயத்திலிருந்து பிரிக்கும் சுவர் அன்றோ இது? 1840இல் பள்ளியின் தலைமையேற்ற துஃபோ இம்முறையை விலக்கிவைத்தார். மாணவர்களோ மறைவாக எழுதிக்கொண்டே இருந்தனர். துணைவராக இருந்த குவாதே எடுத்துரைத்ததன் பயனாகத் துஃபோ மனம் மாறினார். 1844இல் புதிய பள்ளிக் கட்டடத் திறப்பு விழாவின்போது இவ்வெழுத்தின் திறன் பொதுமக்கள் முன்னிலையில் மெய்ப்பித்துக் காட்டப்பட்டது. 1852 சனவரியில் பிரெய்ல் காசநோயால் இறந்தார். பிரான்ஸ் இம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல்தான்.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். எனக்கு இதைவிட வியப்பளிப்பது வேறொன்று. பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து என்ற குறையைப் பிரெய்ல் அலட்சியம் செய்யவில்லை. ஊரில் இருந்த தாய்க்கும் உற்றாருக்கும் கடிதம் எழுதும் ஏக்கம் அவர் மாணவர்களுக்கு இருந்தது. இதற்காக அவர் தம் ஆறு புள்ளி எழுத்தை வளைக்கவில்லை. 1839இல் வேறொரு முறையைத் தனியே வகுத்தார். பத்துப் புள்ளி உயரமுள்ள ஒரு சட்டத்தில், எந்த இடங்களில் குத்தினால் சாதாரண உரோமன் எழுத்தின் உருவம் வரும் என்று எண்களால் பட்டியலிட்டார். பார்வையற்ற பிள்ளை எண்களை நினைவில் கொண்டு குத்தும். வீட்டில் உள்ளவர்கள் அச்செழுத்தாகவே படிப்பர். அந்த வேலையை விரைவுபடுத்த, பார்வையற்றவரான பியர் ஃபூக்கோ ஓர் இயந்திரமும் செய்து கொடுத்தார். தட்டச்சுப் பொறி கடைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு நிகழ்ந்தது இது.

விரல் படிப்பது ஒரு தேவை; கண்ணுள்ளோருடன் உறவாடுவது மற்றொரு தேவை. ஹாயி இரண்டையும் ஒரே எழுத்தில் திணித்தார். சுமை முழுதும் விரலின்மேல் விழுந்தது. பிரெய்ல் ஒவ்வொன்றுக்கும் உரிய வழியைத் தேடினார்.

அமெரிக்காவில் ஹாயியின் பக்கமே நெடுநாள் வென்றது. பாஸ்டன் நகரில் பார்வையற்றோர் பள்ளியை நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹவ், கோணல் முனைகளுள்ள உரோமன் எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்டார். தனியெழுத்து பார்வையற்றோரைத் தனிமைப்படுத்தும் என அஞ்சினார். பின்னர் நியூயார்க்கில் ஒரு புள்ளி எழுத்து, அமெரிக்கப் பிரெய்ல் என்று ஒன்று, இங்கிலாந்தில் மூன் என்பவரின் கோட்டெழுத்து எனப் பல முறைகள் பெருகின. ஹெலன் கெல்லர் போன்றோர் நூல்களைப் படிக்கப் பல எழுத்துமுறைகளைக் கற்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்கு ஒரே பிரெய்ல் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் உடன்பட்டது 1932இல். மூன் எழுத்தையும் பழித்துவிட முடியாது. முதுமையில் பார்வை இழந்து, விரல் நுனி மரத்துப்போனவர்களுக்கு அது பெரிதும் உதவியது. பார்வையற்றோர் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவோர் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1980களில் கணிப்பொறித் திரையில் எழுத்துகளைத் தவிர வேறொன்றும் பெரிதாக இருந்ததில்லை. இருபத்தைந்து வரிகள், வரிக்கு எண்பது எழுத்துகள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது கணிப்பொறியின் நினைவகத்தில் அப்படியே பதிந்திருக்கும். அதை எடுத்துக் குரலாக்குவது எளிதாயிற்று. பார்வையற்றோருக்காக எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. தற்செயலாக அமைந்த ஒரு நற்காலம். விபத்தில் பார்வையிழந்த அமெரிக்க மோட்டார்சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் 1989இல் வெளியிட்ட ‘ஜாஸ்’ என்னும் திரைவாசிப்பான் அக்காலத்ததே.

பின்னர்ப் படங்களும் சாளரங்களும் நிறைந்த திரை வந்தது. சுட்டெலியால் படத்தைத் தொட்டால் வேலை நடக்கும். கண்ணுள்ளோருக்குக் கதவு திறந்த அதே நாளில் கண்ணற்றோருக்கு அது சாத்தப்பட்டது. எழுத்துகள் திரையில் வெறும் ஒளிப்புள்ளிகளாகிவிட்டன. அவற்றின் பின்னே உள்ள சொல்லைக் கண்டெடுக்கத் திரைவாசிப்பான்களை உருவாக்கியோர் பல ஆண்டுகள் உழைத்தனர். விண்டோசில் இயங்கும் ஜாஸ் 1995இல் வெளிவந்தது. பிற்பாடு 2006இல், ஆஸ்திரேலியரும் பார்வையற்றவர்களுமான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இளைஞர் இருவர் ‘என்விடிஏ’ என்னும் இலவசத் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினர். இதையும் செய்தவர்கள் பயன்படுத்துவோரே என்பது நினைவிருக்கட்டும்.

இணையம் பிறந்தபோது அதன் அமைப்பு காதுக்கு இசைவாகவே இருந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முறையில், இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதன் இயல்பைச் சொல்லும் குறி இடப்படும். எப்படிக் காட்டுவது என்பது படிக்கும் கருவியின் பொறுப்பு. கண்ணுக்குப் பெரிய எழுத்தாகக் காட்டலாம். காதுக்குத் ‘தலைப்பு’ என்று சொல்லிப் படிக்கலாம். பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பலாம். சொல் ஒன்று; அதற்குள் நுழையும் வாயில்கள் பல. ஹாயி கனவு கண்டதும் பிரெய்ல் கண்டடைந்ததும் இங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

1993இல் வலைப்பக்கத்தில் படம் சேர்க்கும் குறி வந்தது. அதன்பின் வணிகரும் ஓவியரும் வந்தனர். பத்திரிகைப் பக்கம்போல் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக, எண்களை அடுக்குவதற்கென்று ஏற்பட்ட அட்டவணைகளுக்குள் கட்டுரைகளைத் துண்டு துண்டாக நிரப்பினர். கண்ணுக்கு மூன்று பத்திகள் சீராகத் தெரியும். திரைவாசிப்பானோ முதல் பத்தியின் பாதியையும் இரண்டாம் பத்தியின் பாதியையும் மாற்றி மாற்றிப் படிக்கும். தலைப்புகள் தலைப்பு என்ற குறியின்றி வெறும் பெரிய எழுத்துகளாக இடப்பட்டன. பொத்தான்கள் படங்களாயின. படத்துடன் அதன் பொருளைச் சொல்லும் சில சொற்களை இணைத்து வைக்க இடமுண்டு. மாற்றுரை என்பது அதன் பெயர். 1997 இறுதியில் வந்த வலைமொழித் தரம் அதைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் ஏட்டிலேயே நின்றது.

அப்போது பலருக்கு ஓர் எளிய வழி தோன்றியது. கண்ணுள்ளோருக்கு வண்ணப் பக்கம். கண்ணற்றோருக்கு ‘எழுத்து மட்டும்’ என்று தனிப் பக்கம். இருவருக்கும் இடர் இல்லை அன்றோ? பிரெய்லின் வழி இதுதானே என்று தோன்றும். அன்று. பிரெய்ல் பிரித்தது எழுத்தின் உருவத்தை. இவர்கள் பிரித்தது செய்தியையே. வண்ணப் பக்கத்தில் நாள்தோறும் புதுச் செய்தி ஏறும். எழுத்துப் பக்கம் சென்ற ஆண்டுச் செய்தியோடு தூசி படிந்து கிடக்கும். 1999 மே 5இல் வெளிவந்த முதல் உலகளாவிய வலை அணுகல் நெறிமுறைகள் இதனை நன்கு உணர்ந்திருந்தன. எவ்வளவு முயன்றும் முடியாதபோது மட்டுமே தனிப் பக்கம். அதுவும் முதற்பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அவை விதித்தன.

அதே ஆண்டில் இது வழக்காயிற்று. சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் வலைத்தளத்தைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மக்குவையர் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலியர் 1999இல் முறையிட்டார். அவர் கேட்டவை மிகச் சிறியவை: படங்களுக்கு மாற்றுரை வேண்டும், போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்ல வழி வேண்டும், முடிவு அட்டவணைகளைப் படிக்க முடிய வேண்டும். இதற்கெல்லாம் பெருஞ்செலவாகும், தாங்க முடியாத சுமை என்றது அமைப்புக்குழு. மனித உரிமை ஆணையம் அதனை ஏற்கவில்லை. 2000 ஆகஸ்ட் 24இல் மக்குவையருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. போட்டிகள் தொடங்கும் செப்டம்பர் 15க்குள் சீர்செய்யப் பணித்தும் முழுமையாகச் செய்யப்படாததால், பின்னர் 20,000 டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டது. பணத்தைப் பெற்றாலும் போட்டிகள் முடிந்துவிட்டன. அவர் படிக்க விரும்பியதைப் படிக்க விரும்பிய நாளில் படிக்கவில்லை.

கண்ணுக்கும் காதுக்கும் இடையே மெய்யான பூசல் எங்கே உள்ளது என்று பார்த்தால், அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. அழகிய படம் காதுக்குத் தடையன்று. பொருள் சொல்லாத படமே தடை. பூசல் வேறு சில நுண்ணிய இடங்களில் உண்டு.

கண் ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், வேண்டாதவற்றைத் தள்ளிவிட்டு வேண்டியதில் போய் நிற்கும். காது சொல்லுக்குப் பின் சொல்லாகவே பெறும். ஆகவே தேர்ந்த பயனர்கள் நமக்கு விளங்காத வேகத்தில் குரலை ஓடவிட்டு, தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகின்றனர். திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் அமெரிக்காவின் வெப்எய்ம் நிறுவனம் தொடர்ந்து நடத்திவரும் கேள்விக்கொத்துகளில், நீண்ட பக்கத்தில் செய்தி தேடும்போது முதலில் தலைப்புகளையே நாடுவதாக மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் கூறியுள்ளனர். இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்போரும் உண்டு. அப்பட்டியலில் ‘இங்கே சொடுக்குக’ என்பது இருபது முறை வந்தால் எந்த ‘இங்கே’ என்று அறிவது எவ்வாறு?

இதையறிந்த நல்லுள்ளம் படைத்த சிலர் எதிர்த்திசையில் பிழை செய்கின்றனர். காதுக்கென்று விளக்கங்களைக் கண்ணுக்குத் தெரியாதபடி பக்கமெங்கும் தூவிவிடுகின்றனர். ஓரத்தில் உள்ள பூவேலைப்பாட்டுக்கும் மாற்றுரை. பொத்தானுக்கு மேல் ‘இது ஒரு பொத்தான், இதை அழுத்தினால்...’ என்று உபதேசம். திரைவாசிப்பான் ஏற்கெனவே பொத்தான் என்று சொல்லிவிட்டிருக்கும். கேட்பவர் களைத்துப்போவார். அலங்காரப் படத்துக்கு மாற்றுரையை வேண்டுமென்றே வெறுமையாக விடுவதும் ஒரு விதியே. அப்போது திரைவாசிப்பான் அதைக் கடந்து சென்றுவிடும். எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிவது இங்கும் எழுத்தாளனின் வேலைதான்.

மற்றொரு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் முப்பது நாற்பது இணைப்புகள் இருக்கும். ஒவ்வொரு முறையும் அவற்றைக் கேட்காமல் உள்ளே செல்ல, ‘முதன்மைப் பகுதிக்குச் செல்க’ என்னும் இணைப்பைத் தொடக்கத்தில் வைப்பர். அது கண்ணுக்கு அழகாக இல்லை என்று வடிவமைப்போர் ஒளித்து வைத்தனர். குரலுக்கு மட்டும் கேட்டது. கண் நன்றாகத் தெரிந்தும் கை நடுக்கத்தால் சுட்டெலியைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையாலேயே நகர்வோருக்கு அந்த இணைப்பு கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று. பிறகே, விசை அவ்விடத்தை எட்டும்போது மட்டும் அது தோன்றி, கடந்தபின் மறையும் ஏற்பாடு வந்தது. அழகுக்கும் குறைவில்லை, எவருக்கும் தடையுமில்லை. இரு தரப்பும் பாதிப்பாதி விட்டுக்கொடுத்ததால் கிடைத்த தீர்வன்று இது. யாருக்கு எது எப்போது தேவை என்று மேலும் கூர்ந்து நோக்கியதால் கிடைத்தது.

முழுப் பார்வையின்மைக்கும் முழுப் பார்வைக்கும் இடையில் நிற்போரின் தொகையும் சிறிதன்று. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றலாம். அறுபதைத் தாண்டிய என் போன்றோர் அதைப் படிக்கச் சன்னலோரம் போக வேண்டியுள்ளது. 2008இல் வந்த இரண்டாம் நெறிமுறைகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்னும் ஒளி வேறுபாட்டை விதித்தன. எனினும் நிலைமை பெரிதாகத் திருந்தவில்லை. வெப்எய்ம் 2019இல் பத்து இலட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்தபோது, 97.8 விழுக்காட்டில் அணுகல் பிழைகள் காணப்பட்டன. முதலிடம் பெற்ற பிழை இந்த வெளிறிய எழுத்தே.

நம் தமிழுக்கும் இவ்வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் தமிழ் இதழ்கள் இணையத்தில் ஏறின. ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு செய்தது ஒரு கண்கட்டு வித்தை: கணிப்பொறியின் உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே இருக்கும், திரையில் மட்டும் அவற்றின் இடத்தில் தமிழ் உருவம் காட்டப்படும். நாம் தமிழ் படித்து மகிழ்ந்தோம். திரைவாசிப்பான் உள்ளிருந்ததைப் படித்தது; எம்மொழியிலும் பொருளற்ற உளறலாக அது ஒலித்தது. கண்ணுள்ள தமிழருக்கு இணையத் தமிழ் பிறந்துவிட்டது. கண்ணற்ற தமிழருக்கு அது பிறக்கவேயில்லை.

‘கெ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். எழுதும்போது கொம்பை முதலில் இட்டு, பிறகு ககரத்தை இடுகிறோம். பழைய எழுத்துருக்களும் அவ்வரிசையிலேயே சேமித்தன. கண் அப்படித்தான் காண்கிறது. ஆனால் ஒலிப்பில் ககரமெய் முதலில், எகரம் பின்னர். ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறை ஒலி வரிசையையே பின்பற்றுகிறது. உள்ளே ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். திரையில் காட்டும்போது மட்டும் கொம்பு முன்னே நகர்ந்து நிற்கும். 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெய்லிலும் இதே ஒழுங்கு உண்டு. அங்கு கொம்பு, கால் என்ற பேச்சே இல்லை. ககரப் புள்ளிகள், அடுத்து எகரப் புள்ளிகள், அவ்வளவே. கணிப்பொறித் தமிழ் பல ஆண்டுகள் குழம்பித் தெளிந்த இடத்தில் பார்வையற்றோரின் விரல்கள் அரை நூற்றாண்டாக நடமாடிக்கொண்டிருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் எழுதப்பட்ட எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் என்விடிஏ இன்று படித்துச் சொல்கிறது. குரல் சற்று இயந்திரத்தனமானதுதான். லகர ளகர வேறுபாட்டில் நம் வானொலி அறிவிப்பாளர் சிலருக்கு அது குறைந்ததன்று.

2025 ஏப்ரல் 30இல் நம் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. வங்கிக் கணக்குக்கான இணையவழி அடையாளச் சோதனையில் ‘கண் சிமிட்டுக’ என்று கேட்கும் முறையால் தடுக்கப்பட்டோர் தொடுத்த வழக்கு அது. அமிலத் தாக்குதலில் கண்கள் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் அதில் நீதி கேட்டிருந்தனர். சிமிட்டும் கண்ணை உயிருள்ள மனிதரின் அடையாளமாகக் கொண்ட அந்த முறையை வகுத்தவர் எவரும் தீய எண்ணம் கொண்டிருக்க மாட்டார். தம் கண்ணைக் கொண்டே சோதித்திருப்பார், ஹாயியைப்போல.

திருவிழா அழைப்பிதழின் கதையை முடித்துவிடுகிறேன். அன்று மாலை நிகழ்ச்சி நிரல் முழுவதையும் கைப்பேசியில் எழுத்தாகத் தட்டி அதே குழுவுக்கு அனுப்பினேன். பழக்கமில்லாத விரல்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. படத்தை நீக்கவில்லை, அது நன்றாகவே இருந்தது. பத்து நிமிடத்தில் ஆர்மோனியக்காரர் அழைத்தார். ஒன்பதாம் நாள் நவநாள் திருப்பலியும் தேர்ப்பவனியும் ஒரே நேரம் மாலை ஆறு மணிக்கு என்று வருகிறதே, நான் பிழையாகத் தட்டிவிட்டேனா என்று கேட்டார். படத்தை எடுத்துப் பார்த்தேன். பிழை அதிலேயே இருந்தது. நாங்கள் இருநூறு பேர் நான்கு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.